ஒட்டிய உறையைப் பிரிப்பது யார்? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் குறித்து ஒரு வாசிப்பு

1

மருத்துவத்தை ஓர் அதிகாரச் சொல்லாடலாகப் பார்க்க வேண்டும் என்று நம்முடைய சிறுபத்திரிகைகளில் பேசத் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஃபூக்கோ 1963இல் எழுதிய மருத்துவமனையின் பிறப்பு குறித்த நூல், இவான் இல்லிச், நோயை உருவகமாக்குவது பற்றி சூசன் சொண்டாக் 1978இல் எழுதியது - இந்தப் பெயர்களெல்லாம் நமக்கு அத்துப்படி. மருத்துவரின் பார்வை உடலைத் துண்டுபோடுகிறது, நோயாளி பேசுபொருளாகிறாரே தவிரப் பேசுபவராவதில்லை என்பதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லியாகிவிட்டது. எனக்கும் இதில் உடன்பாடுதான். ஆனால் அதற்கப்புறம் நாம் ஓரடிகூட நகரவில்லை என்பதுதான் சங்கடம். எந்த நோயைப் பற்றிப் பேச்செடுத்தாலும் 'எல்லாம் மருந்துக் கம்பெனி சதி தோழர்' என்று ஒரு வாக்கியம் வந்து விழுகிறது. அதோடு விவாதம் முடிந்துபோகிறது. அந்த வாக்கியத்தில் கம்பெனி இருக்கிறது, தோழர் இருக்கிறார். நோயாளியைத்தான் காணோம்.

காணாமல் போன அந்த நோயாளியைத் தேடிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்கு நான் எடுத்துக்கொண்ட நோய் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். என்கிறார்கள். நம்ம ஊரில் எம்.எஸ். என்றால் சுப்புலட்சுமிதான், அந்த அளவுக்கு இந்த நோய் நம் பொதுப்பேச்சுக்கு வெளியே இருக்கிறது. தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று ஒரு பெயர் புழங்குகிறது. அதுவும் அரைகுறைதான். ஏன்னா தாக்கப்படுவது தண்டுவடம் மட்டுமல்ல; மூளையும் கண் நரம்பும் சேர்த்துத்தான். மின்கம்பிக்கு மேலே ரப்பர் உறை இருப்பதுபோல நரம்பிழைகளுக்கு மேலே மயலின் என்கிற கொழுப்புறை இருக்கிறது. உடம்பின் எதிர்ப்பாற்றலே இந்த உறையைத் தாக்குகிறது. தாக்கப்பட்ட இடத்தில் தழும்பு விழுந்து இறுகுகிறது. அந்த இறுக்கத்துக்குத்தான் ஸ்கிளிரோசிஸ் என்று பேர். எந்த இடத்தில் தழும்பு விழுகிறதோ அதைப் பொறுத்து ஒருத்தருக்குப் பார்வை மங்கும், இன்னொருத்தருக்குக் கால் மரக்கும், வேறொருத்தருக்குச் சிறுநீர் கட்டுப்படாது. பெரும்பாலோருக்கு வந்து வந்து போகும். சிலருக்கு முதலிலிருந்தே நிதானமாக முற்றிக்கொண்டு போகும். பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் பிடிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. உலக அளவில் சுமார் 29 லட்சம் பேருக்கு இருப்பதாக 2023இல் மதிப்பிட்டிருக்கிறார்கள். முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

இன்றைக்குப் பார்வை போய், ஒரு மாதத்தில் திரும்பி, அடுத்த வருஷம் கால் போவது என்றால் அந்த உடம்பைப் பற்றி யார் என்ன சொல்ல முடியும்? சொல்லுகிற உரிமை யாருக்கு? என் கேள்வி இதுதான்.

2

1915 நவம்பர், லண்டன். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. புரூஸ் கம்மிங்ஸ் என்கிற இருபத்தாறு வயது இளைஞன் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போகிறான். பிரிட்டிஷ் மியூசியத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் பூச்சிகளை ஆராய்பவன். கல்லூரி வாசனை இல்லாமல் தானே படித்து அங்கே போய்ச் சேர்ந்தவன். ராணுவ மருத்துவரிடம் கொடுக்கச் சொல்லி அவனுடைய மருத்துவர் ஒரு கடிதத்தை உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறார். ராணுவ மருத்துவருக்கு அந்தக் கடிதம் தேவைப்படவே இல்லை. பார்த்ததுமே தகுதியில்லை என்று அனுப்பிவிடுகிறார். வீடு திரும்பும் வழியில் அவன் உறையைப் பிரிக்கிறான். தனக்கு என்ன நோய் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது.

அவனுக்குக் கல்யாணமாகி ரெண்டு மாசம்தான். கல்யாணத்துக்கு முன்னாலேயே அந்தப் பெண்ணிடம் மருத்துவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார் என்பதும், எல்லாம் தெரிந்தேதான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள் என்பதும் அவனுக்குப் பிற்பாடுதான் தெரியவருகிறது. வீட்டாருக்குத் தெரியும், மருத்துவருக்குத் தெரியும், ராணுவத்துக்கும் தெரிந்திருக்க ஏற்பாடு இருந்தது. உடம்புக்குச் சொந்தக்காரனுக்கு மட்டும் தெரியாது. சட்டைப்பையில் தன் உடம்பைப் பற்றிய உண்மையைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறான், தபால்காரன் மாதிரி.

இவன்தான் பார்பெல்லியன் என்ற புனைபெயரில் 'ஏமாற்றமடைந்த மனிதன் ஒருவனின் நாட்குறிப்பு' என்ற நூலை எழுதியவன். பதின்மூன்று வயதிலிருந்து எழுதிவந்த நாட்குறிப்பிலிருந்து தேர்ந்தெடுத்தது; 1919 மார்ச்சில் எச்.ஜி. வெல்ஸ் முன்னுரையுடன் வந்தது. வெல்ஸே எழுதிய கற்பனை இது என்று அன்றைக்குச் சிலர் சந்தேகப்பட்டதுண்டு.

இந்த நூலை வழக்கமாக எப்படி வாசிக்கிறார்கள்? சாவை எதிர்கொண்ட ஒரு கலைஞனின் துணிச்சல் என்று. மானுட மேன்மை வகையறா. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அச்சான நூலின் கடைசியில் பார்பெல்லியன் டிசம்பர் 31ஆம் தேதி இறந்துவிட்டார் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அது பொய். ஆள் அப்போது உயிரோடு இருந்தான். தன்னைப் பற்றிய மதிப்புரைகளைத் தானே படித்தான். 1919 அக்டோபரில்தான் செத்தான், முப்பது வயதில். விமர்சகர்கள் சிலருக்கு இது ஏமாற்று வேலையாகப் பட்டது. எனக்கு அப்படிப் படவில்லை. தன் உடம்பு பற்றிய தகவலை மற்றவர்கள் ஒட்டி வைத்திருந்தார்கள் அல்லவா? இப்போது தன் சாவு பற்றிய தகவலை அவன் கையில் எடுத்துக்கொள்கிறான். எப்போது முடிந்தது என்று நான் சொல்வேன், நீ சொல்லாதே என்கிறான். மருத்துவர் ஒட்டிய உறைக்கு நோயாளி ஒட்டிய பதில் உறை அது. எம்.எஸ். பற்றிய இலக்கியத்தில் இதைவிடக் கூர்மையான எதிர்க்கதையாடல் எனக்குத் தெரிந்து இல்லை.

3

உறைக்குள் இருந்த அந்தப் பெயர் எப்படி உண்டானது? இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னனின் பேரன் அகஸ்டஸ் டெஸ்டே. 1822இல் ஸ்காட்லாந்தில் ஓர் உறவினரின் இறுதிச் சடங்குக்குப் போனவனுக்குத் திடீரென்று பார்வை மங்கிவிடுகிறது. வந்த கடிதங்களை வாசிக்க வேறு ஆள் தேவைப்படுகிறது. பிறகு சரியாகிறது. 1827இல் ஃப்ளாரன்ஸ் நகரில் எல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது. பிறகு கால் வலுவிழக்கிறது. தினம் ரெண்டு வேளை மாட்டிறைச்சி தின்னச் சொல்கிறார்கள், ஒயின் குடிக்கச் சொல்கிறார்கள், உடம்பைத் தேய்த்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் அவன் நாட்குறிப்பில் எழுதி வைக்கிறான். 1848இல் சாகும்வரை அவனுக்கு என்ன நோய் என்று ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை. அந்த நாட்குறிப்பு ஒரு நூற்றாண்டு கழித்து, 1948இல்தான் நூலாக வந்தது.

இதே காலத்தில், 1838இல் ராபர்ட் கார்ஸ்வெல் என்பவர் நோய்க்கூறியல் படத்தொகுப்பு ஒன்றை வெளியிடுகிறார். பிணத்திலிருந்து எடுத்த தண்டுவடத்தில் இருந்த தழும்புகளை அதில் வரைந்திருக்கிறார். என்ன நோய் என்று அவருக்கும் தெரியவில்லை. ஒரு பக்கம் உயிரோடு இருந்து எழுதுகிற உடம்பு. இன்னொரு பக்கம் செத்த பிறகு வரையப்படுகிற உடம்பு. இரண்டும் ஒரே காலம். இரண்டும் சந்திக்கவே இல்லை. மருத்துவ வரலாறு கார்ஸ்வெல்லின் படத்திலிருந்து நேராக மேலே போனது. டெஸ்டேயின் எழுத்து பெட்டிக்குள் கிடந்தது.

இரண்டையும் ஒட்டவைத்தவர் பாரிசின் ழான் மார்த்தேன் ஷார்க்கோ. 1868இல் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நிகழ்த்திய உரைகளில் நோய்க்கு ஒரு பெயரையும் வடிவத்தையும் தந்தார். கண்மணி ஆடுவது, ஒரு பொருளை எடுக்கப்போகும்போது கை நடுங்குவது, சொற்களை அறுத்து அறுத்துப் பேசுவது ஆகிய மூன்றையும் சேர்த்து அவர் பெயரால் வழங்குகிறார்கள். சால்பெத்ரியேர் ஏழைப் பெண்களையும் முதியவர்களையும் பைத்தியம் எனப்பட்டவர்களையும் ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்திருந்த இடம். உயிருள்ள நோய்க் கண்காட்சி என்று ஷார்க்கோவே அதைப் பெருமையாகக் கருதினார். கை நடுங்கும் ஒரு பெண்ணை அவர் தன் வீட்டில் வேலைக்கு வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கவனித்ததாகவும், அவள் செத்த பிறகு அறுத்துப் பார்த்து நோயை உறுதி செய்ததாகவும் மருத்துவ வரலாற்று நூல்களில் ஒரு கதை உண்டு. அவள் உடைத்த பீங்கான் தட்டுகளின் செலவை வேடிக்கையாகக் குறிப்பிடுவார்கள். சம்பளம் எவ்வளவு கொடுத்தார் என்று யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

அதே மருத்துவமனையில்தான் ஷார்க்கோ பிற்பாடு ஹிஸ்டீரியா ஆராய்ச்சியில் இறங்கினார். ஒரே மனிதர், ஒரே கூடம். ஒரு பெண்ணுக்கு மூளையில் தழும்பு, இன்னொரு பெண்ணுக்கு ஹிஸ்டீரியா. எது எது என்று தீர்மானிக்க அன்றைக்கு இறுதிச் சாட்சி பிண அறுவைதான். அப்படின்னா உயிரோடு இருக்கும்வரை பெண்ணின் பேச்சுக்கு மதிப்பில்லை. செத்தபிறகு அவள் மூளை பேச வேண்டும். கால் மரக்கிறது, களைப்பாக இருக்கிறது என்று சொன்ன எத்தனையோ பெண்களுக்கு நரம்புத் தளர்ச்சி, மனசுதான் காரணம் என்று பதில் வந்தது. உலகப் புகழ்பெற்ற செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரேக்கு விரல்களில் உணர்வு குறையத் தொடங்கி, நோய் இன்னதென்று சொல்லப்பட்டது 1973இல்தான். அதற்கு முந்தின வருஷங்களில் அவருக்கும் மன அழுத்தம் என்ற பதில்தான் கிடைத்தது. 1987இல் 42 வயதில் இறந்துபோனார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எம்.எஸ். நோயை எம்.ஆர்.ஐ. படம் பிடித்துக் காட்டத் தொடங்கியது 1981இல். அந்த இயந்திரத்தை மருத்துவப் பார்வையின் இன்னொரு நீட்சி என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் மனப்பிரமை என்று விரட்டப்பட்ட பெண்களுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னதும் அதே இயந்திரம்தான். பார்வை எப்போதும் ஒடுக்குவது மட்டுமல்ல. பார்க்கப்படாமல் விடுவதும் அதிகாரம்தான்.

4

சரி, நோய்க்குப் பெயர் வந்தாயிற்று, படமும் வந்தாயிற்று. அடுத்தது அளவுகோல். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜான் கர்ட்ஸ்கி 1955இல் ஓர் அளவுகோலை அமைத்து 1983இல் அதை விரிவாக்கினார். பூஜ்யத்திலிருந்து 10 வரை, அரை அரையாக ஏறும். பூஜ்யம் என்றால் ஒரு குறையுமில்லை. 10 என்றால் நோயால் மரணம். இடையில் என்ன? 4 என்றால் துணையில்லாமல் 500 மீட்டர் நடக்கலாம். 5 என்றால் 200 மீட்டர். 6 என்றால் 100 மீட்டருக்கு ஒரு கைத்தடி. 6.5 என்றால் 20 மீட்டருக்கு இரண்டு பக்கமும் ஊன்றுகோல். 7 என்றால் தாங்கிப் பிடித்தாலும் 5 மீட்டருக்கு மேல் நடக்க முடியாது. புதிய மருந்துகள் எத்தனையோ இந்தக் கோலால் அளக்கப்பட்டுத்தான் சந்தைக்கு வந்திருக்கின்றன.

கோல் முழுக்கக் காலைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். கை என்ன செய்யும், ஞாபகம் எப்படி இருக்கிறது, காலையில் எழும்போதே உடம்பு ஈயக்குண்டாகக் கனக்கிறதே அந்தக் களைப்பு - இதற்கெல்லாம் அந்தக் கோலில் ஓரத்தில்தான் இடம். முக்கியமானது நடப்பது என்று யார் முடிவு செய்தது? நடந்துபோய் வேலை பார்க்கிற ஓர் ஆண் உடம்பை மனதில் வைத்துக் கட்டிய கோல் இது என்றே எனக்குப் படுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தோழிக்குப் பன்னிரண்டு வருஷமாக இந்த நோய். சென்னையில் இருக்கிறார். அந்தக் கோல்படி பார்த்தால் அவர் 2 அல்லது 2.5. அதாவது கிட்டத்தட்ட நன்றாக இருக்கிறார். அவர் என்னிடம் சொன்னார்: 'சித்திரை வெயில்ல பஸ்ஸ்டாப்ல பத்து நிமிஷம் நின்னா பஸ் நம்பர் தெரியாது தோழர். எல்லாம் கலங்கிப் போயிடும். நிழல்ல உக்காந்து தண்ணி குடிச்சா மறுபடி தெரியும். இத யார்கிட்டச் சொல்றது? நல்லாத்தான இருக்க, சோம்பேறித்தனம்னு வீட்லயே சொல்றாங்க.' இதில் மர்மம் ஒன்றுமில்லை. உடம்பு சூடேறினால் உறை கழன்ற நரம்பில் சமிக்ஞை தடுமாறும். வில்ஹெல்ம் உட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890லேயே இப்படி மங்கித் தெளியும் பார்வையை விவரித்துவிட்டார். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் நோயாளியைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்து, அறிகுறி கூடுகிறதா என்று சோதித்ததும் உண்டு. நம்ம ஊர் மே மாதம் முழுக்க அந்தத் தொட்டிதான். குளிர்சாதனம் வசதியானவர்களின் சொகுசு என்று நாம் நினைக்கிறோம். இந்த நோயாளிக்கு அது ஊன்றுகோல். வெயிலில் கல் உடைக்கிறவளுக்கு, நாற்று நடுகிறவளுக்கு இந்த நோய் வந்தால்? அவளுடைய களைப்பை நோய் என்று முதலில் யார் கண்டுபிடிப்பார்கள்?

இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களை மட்டுமே அங்கீகரித்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. சும்மா வரவில்லை, இயக்கங்கள் போராடிப் பெற்றது. ஆனால் இடஒதுக்கீடு முதலானவற்றுக்கு 40 சதவீதம் ஊனம் என்று சான்று வேண்டும். செவ்வாய்க்கிழமை நடக்க முடியாமல் வெள்ளிக்கிழமை நடக்க முடிகிற உடம்புக்கு என்ன சதவீதம்? நன்றாக இருக்கும் நாளில் போய் நின்றால் பொய் சொல்கிறாய் என்பார்கள். ரொம்ப முடியாத நாளில் போய் நிற்கவே முடியாது.

அமெரிக்கக் கட்டுரையாளர் நான்சி மேர்ஸ் இருபத்தொன்பது வயதில் இந்த நோய்க்கு ஆளானவர். 1986இல் வெளியான ஒரு கட்டுரையில், உலகம் கூசுகிற வசவுச் சொல்லையே தனக்கு அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டார். நம் பாஷையில் 'நொண்டி' என்று தன்னைத் தானே அழைத்துக்கொள்வதற்குச் சமம். மென்மையான மாற்றுச் சொற்கள் எல்லாம் பார்க்கிறவரின் கூச்சத்தைப் போக்கத்தானே தவிர நோயாளிக்காக அல்ல என்பது அவர் வாதம். நாம் மாற்றுத்திறனாளி என்ற சொல்லை அரசாணையில் ஏற்றிவிட்டோம். அந்தச் சொல்லை நான் மறுக்கவில்லை. வசவை நீக்க அது தேவைப்பட்டது. ஆனால் என் தோழிக்கு மாற்றுத் திறன் ஒன்றும் வந்துவிடவில்லை. இருந்த திறன் வந்து போகிறது. அதற்கு நம்மிடம் சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் சோம்பேறி என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

5

மருந்துக்கு வருவோம். இந்த நோயின் போக்கையே கொஞ்சம் மாற்றக்கூடிய முதல் மருந்து, ஒரு வகை பீட்டா இன்டர்ஃபெரான், 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 372 பேரிடம் நடத்திய சோதனையில் நோய் மறுபடி தாக்கும் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அவ்வளவுதான். ஆனால் அதுவரை ஒன்றுமே இல்லாத இடத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது பெரிசு. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சரக்கு போதவில்லை. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? குலுக்கல் நடத்தியது. நோயாளிகள் பெயரைப் பதிய வேண்டும், கணினி எண் போடும், எண் வரும்போது மருந்து வரும். நரம்புக்குக் குலுக்கல் சீட்டு.

தொடக்கத்தில் இந்த வகை மருந்துகளின் விலை வருஷத்துக்கு 8,000லிருந்து 11,000 டாலர்வரை இருந்தது. 2013 வாக்கில் சுமார் 60,000 டாலர். புது மருந்துகள் வந்தால் போட்டியில் பழசின் விலை குறையும் என்பது சந்தையின் வேதவாக்கு. இங்கே புதுசு ஒவ்வொன்றும் உயர்ந்த விலையில் இறங்க, பழசும் கூடவே ஏறியது. இதுவரை 'கம்பெனி சதி' வாக்கியம் செல்லுபடியாகும்.

அடுத்ததில் அது தடுமாறும். நடாலிசுமாப் என்ற மருந்து 2004 நவம்பரில் அனுமதி பெற்றது. மூன்றே மாதத்தில், 2005 பிப்ரவரியில் கம்பெனியே திரும்பப் பெற்றுக்கொண்டது. காரணம், மூளையை அரிக்கும் ஓர் அரிய வைரஸ் தொற்று, மருந்தை எடுத்தவர்களில் மூவருக்கு வந்தது, இருவர் இறந்தனர். 2006 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு கூடியபோது நோயாளிகள் நேரில் வந்து பேசினார்கள். இந்த மருந்து கொல்லக்கூடும் என்று எங்களுக்குத் தெரியும், தெரிந்தே கேட்கிறோம், திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் அவர்களில் பலர் பேசியதன் சாரம். மருந்தால் குடும்பத்தில் ஒருவரை இழந்தவர்களின் குரலும் அங்கே இருந்தது. கடுமையான கண்காணிப்போடு அந்த ஆண்டே மருந்து திரும்பி வந்தது. யாருக்கு ஆபத்து கூடுதல் என்று இரத்தப் பரிசோதனையில் ஓரளவு கணிக்கும் வழி பின்னால் கிடைத்தது.

இவர்களைக் கம்பெனியின் கைக்கூலிகள் என்பீர்களா? நான் சொல்லமாட்டேன். கம்பெனிக்கு லாபம் கிடைத்தது உண்மை. ஆனால் எந்த ஆபத்தை ஏற்பது என்று தீர்மானிப்பது ஒரு மருத்துவரோ அதிகாரியோ மட்டுமல்ல, அந்த உடம்பில் குடியிருக்கிறவரும்தான் என்பதை அந்த அறையில் அவர்கள் நிலைநாட்டினார்கள். பார்பெல்லியன் ஒளித்துப் பிரித்த உறையை இவர்கள் சபையில் பிரித்தார்கள்.

6

அப்படியானால் நோயாளி சொல்வதெல்லாம் சரி என்று வைத்துக்கொள்ளலாமா? விளிம்பின் குரல் என்றாலே உண்மை என்று எழுதுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதற்கு எதிராக ஒரு கதை.

2009இல் இத்தாலியின் ஃபெராரா நகரைச் சேர்ந்த இரத்தக்குழாய் மருத்துவர் பாவ்லோ ஸம்போனி ஒரு கருத்தை முன்வைத்தார். எம்.எஸ். நோய்க்குக் காரணம் மூளையிலிருந்து இரத்தம் வடியும் கழுத்துச் சிரைகள் சுருங்கியிருப்பது. பலூன் விட்டு விரித்தால் சரியாகும் என்றார். அவர் மனைவிக்கே இந்த நோய் இருந்தது. சிகிச்சைக்கு 'விடுதலை' என்று பேர் வைத்தார். பேரைப் பாருங்கள். கனடாவில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று ஒளிபரப்பானதும் ஆயிரக்கணக்கான நோயாளிகள் கிளர்ந்தெழுந்தார்கள். நரம்பியல் மருத்துவர்கள் மருந்துக் கம்பெனியின் ஆட்கள், அதனால்தான் மறுக்கிறார்கள் என்றார்கள். நாடாளுமன்றம்வரை போனது. சொந்தக் காசைப் போட்டுப் போலந்துக்கும் கோஸ்டாரிகாவுக்கும் மெக்சிகோவுக்கும், ஆமாம், இந்தியாவுக்கும் பறந்தார்கள். மருத்துவச் சுற்றுலா வியாபாரம் கொழித்தது. சிலர் சிக்கல்களோடு திரும்பினார்கள், இறந்தவர்களும் உண்டு. 2012இல் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. 2013இல் கனடாவில் நடந்த ஆய்வில், சுருங்கிய சிரை நோயாளிகளுக்கும் அவர்களுடைய கூடப்பிறந்தவர்களுக்கும் நோயே இல்லாதவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது என்று தெரிந்தது. 2017இல் போலி சிகிச்சையோடு ஒப்பிட்ட கனடியச் சோதனையில் பலன் இல்லை. அதே ஆண்டு ஸம்போனியே தலைமையேற்று நடத்திய இத்தாலியச் சோதனையிலும் பலன் இல்லை. அவர் அதை மறைக்காமல் வெளியிட்டார். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

இதில் நமக்கு என்ன பாடம்? அங்கே முழக்கப்பட்ட சொற்கள் எல்லாம் நம் சொற்கள். மருத்துவ அதிகாரம், கம்பெனி சதி, விடுதலை, நோயாளியின் குரல். எல்லாமே சரியான சொற்கள், ஆனால் சிரை சுருங்கியதா இல்லையா என்ற கேள்விக்கு அந்தச் சொற்களால் பதில் சொல்ல முடியவில்லை. வந்து வந்து போகும் நோயில் எந்தச் சிகிச்சைக்குப் பிறகும் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். டெஸ்டேக்கு மாட்டிறைச்சி தின்ற பிறகும் நன்றாகத்தான் இருந்திருக்கும். அதனால்தான் போலி சிகிச்சை பெற்ற இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தேவைப்படுகிறது. அது மேற்கத்தியப் பகுத்தறிவின் வன்முறை அல்ல, ஏமாறாமலிருக்க ஏழைக்கு இருக்கிற ஒரே கருவி. பணக்காரன் ஏமாந்தால் இன்னொரு விமானம் ஏறுவான். நிலத்தை விற்று வந்தவன் ஏமாந்தால் அவனுக்கு இரண்டாவது தடவை கிடையாது.

எனவே நான் இரண்டையும் சேர்த்தே வைக்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, எந்த ஆபத்தை ஏற்பேன், எது எனக்கு முக்கியம் - இவற்றில் நோயாளியே அதிகாரி. இந்த மருந்து வேலை செய்கிறதா என்பதில் நோயாளியும் மருத்துவரும் கம்பெனியும் ஒருத்தர் சொல்லும் எடுபடாது, சோதனைதான் பேச வேண்டும். ஆனால் எந்த மருந்தைச் சோதிப்பது, யார் காசில், எந்தக் கோலால் அளப்பது? அது அரசியல். நாம் சண்டை போட வேண்டிய இடம் இதுதான்.

7

இது வெறும் தத்துவமில்லை என்பதற்கு ரிட்டுக்சிமாப் சாட்சி. 1997இல் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து. எம்.எஸ். நோயிலும் அது நன்றாக வேலை செய்கிறது என்று 104 பேரிடம் நடந்த சோதனை 2008இல் வெளியானது. அடுத்த கட்டப் பெரிய சோதனைக்கு அதைக் கொண்டுபோயிருக்க வேண்டும். கொண்டுபோகவில்லை. அதன் காப்புரிமை முடியும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. உரிமைக்காரக் கம்பெனி, அதே உயிரணுக்களை அதே வழியில் தாக்கும் ஓக்ரெலிசுமாப் என்ற புது மருந்தைச் சோதனைக்கு எடுத்தது. அது 2017இல் வருஷத்துக்கு 65,000 டாலர் விலையில் சந்தைக்கு வந்தது. பழைய மருந்துக்குச் சான்று இல்லை என்றார்கள். சான்று இல்லாததற்குக் காரணம் சான்றைத் தேட யாரும் காசு போடாததுதான்.

ஸ்வீடனின் நரம்பியல் மருத்துவர்கள் காத்திருக்கவில்லை. ரிட்டுக்சிமாபையே பரவலாகக் கொடுத்தார்கள், பொதுப் பணத்தில் சோதனையும் நடத்தினார்கள். 2022இல் வெளியான அந்த முடிவில், ரிட்டுக்சிமாப் பெற்ற 98 பேரில் 3 பேருக்கு நோய் மறுபடி தாக்கியது. ஒப்பிட்ட மாத்திரையைப் பெற்ற 97 பேரில் 16 பேருக்குத் தாக்கியது. 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ். மருந்துகளைச் சேர்க்கக் கோரியபோது அது ஏற்கப்படவில்லை. 2023 ஜூலையில் மூன்று மருந்துகள் சேர்க்கப்பட்டன: கிளாட்ரிபின், கிளாட்டிராமர், ரிட்டுக்சிமாப். கம்பெனி இந்த நோய்க்கென்று அனுமதியே வாங்காத மருந்து பட்டியலில் ஏறியது. கம்பெனி சதி, கம்பெனி சதி என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அதைச் செய்யவில்லை. பட்டியலையும் சோதனையையும் படித்துத் தாளும் கையுமாக உட்கார்ந்த நோயாளி அமைப்புகளும் சில மருத்துவர்களும் செய்தார்கள்.

இதில் நம் பங்கு இருக்கிறது. ரிட்டுக்சிமாபின் நிகர் மருந்தை 2007லேயே தயாரித்து விற்றது ஹைதராபாத் கம்பெனி ஒன்று. மூலமருந்தைவிட விலை குறைவு. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் ரிட்டுக்சிமாப் இருக்கிறது, ஆனால் புற்றுநோய் மருந்துகளின் வரிசையில். அதாவது பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்து நோயைக் கண்டுபிடிக்கிற நரம்பியல் மருத்துவர் இருக்கிறாரா, எம்.எஸ். நோயாளிக்கு இந்த ஊசி இலவசமாகப் போடப்படுகிறதா, தொற்று வராமல் கண்காணிக்கிறார்களா, ஊனச் சான்று தரும் குழுவுக்கு வந்து போகும் ஊனம் என்றால் என்னவென்று தெரியுமா? இவைதான் கேள்விகள். இவற்றைக் கேட்கத் தத்துவம் தேவை, தகவலும் தேவை.

ஆராய்ச்சியும் நிற்கவில்லை. 2022 ஜனவரியில் வெளியான ஆய்வு ஒன்று, அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேருக்கு மேல் இருபதாண்டுகள் சேமித்த இரத்த மாதிரிகளை வைத்து, எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்றியவர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று காட்டியது. அந்த வைரஸ் உலகத்தில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருக்கிறது. நோயோ வெகு சிலருக்குத்தான் வருகிறது. ஆக இடையில் இன்னும் கண்ணிகள் இருக்கின்றன. நோயை 'உடம்பு தன்னைத் தானே அந்நியனாகக் கருதுவது' என்று உருவகித்து எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. மற்றமை பற்றிப் பேச வாகான உருவகம். ஆனால் வைரஸின் ஒரு துண்டும் நரம்பு உறையைச் சார்ந்த ஒரு புரதத்தின் துண்டும் ஒன்றுபோல் இருப்பதால், ஒன்றைக் குறிவைத்த எதிர்ப்பொருள் மற்றதிலும் போய் ஒட்டுகிறது என்று அதே ஆண்டு இன்னோர் ஆய்வு காட்டியது. அதாவது தன்னைத் தானே வெறுப்பதல்ல, ஆள் மாறாட்டம். நம் உருவகங்களைவிட உடம்பு சிக்கலானது. அதைக் கவிதையாக்குமுன் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கிறது.

நம் பத்திரிகைகள் மருத்துவரின் கையிலிருக்கும் உறையைக் காட்டி 'பார், ஒட்டியிருக்கிறது' என்று முப்பது வருஷமாகச் சரியாகவே சொல்லி வந்திருக்கின்றன. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கக் கற்றுக்கொள்ளாவிட்டால், உறை பிரிந்து கிடந்தாலும் நமக்கு ஒட்டினதுதான். அடுத்த முறை ஒரு பெண் பஸ்ஸ்டாப் வெயிலில் பஸ் எண் தெரியவில்லை என்று சொன்னால், அவளுக்கு அதிகாரம் பற்றி நாம் விளக்க வேண்டாம். எந்த மருத்துவமனையில், எந்தப் பரிசோதனை, எந்த மருந்து, எந்தச் சட்டப் பிரிவு என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதும். நல்ல விமர்சனம் அங்கேதான் தொடங்குகிறது.